பழைய படத்தில் கதிரையை அழித்தால் அந்த இடம் வெளுத்து நிற்கிறது, லேயரில் எங்கே பிழை விடுகிறேன்?

கல்லாற்றுப்பிள்ளை
டிசம்பர் 9, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். கல்முனைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். அடையாள அட்டைப் படம், கல்யாண அல்பம், நினைவஞ்சலிப் படம் எல்லாம் போட்டோஷொப்பில் திருத்துவது நான்தான். முறையாகப் படிக்கவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். இப்போது ஒரு படத்தில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எந்த இடத்தில் பிழைக்கிறது என்று எனக்கே தெரியாததால் எதையும் விட்டுவிட்டுச் சொல்ல முடியவில்லை.

படம் ஒரு அம்மாவுடையது. நாவலடியில் இருந்த அவர்களுடைய வீட்டின் முன்னால், ஒரு கல்யாண நாளில் எடுத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த வீடும் போய், அம்மாவும் போய், வீட்டில் இருந்த படங்களும் போய்விட்டன. இந்த ஒரு பிரிண்ட் மட்டும் செங்கலடியில் மூத்த மகளின் வீட்டில் இருந்ததால் மிஞ்சியது. நாலுக்கு ஆறு அங்குலம், ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது. மகன் கொண்டுவந்து தந்தார். வருகிற 26ஆம் திகதிக்கு முன் பன்னிரண்டுக்குப் பதினெட்டாகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரவேண்டும்.

அம்மாவின் இடப்பக்கம் ஒரு நீல பிளாஸ்டிக் கதிரை பாதி தெரிகிறது, அதை எடுக்கவேண்டும். தலைக்குப் பின்னால் சுவரில் கலர் பல்ப் வயர் ஒன்று தொய்ந்து போகிறது, அதையும் எடுக்கவேண்டும். வலத் தோளில் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது, நாலு விரலும் ஒரு வளையலும் தெரிகின்றன, ஆள் வெட்டுப்பட்ட பக்கத்தில் போய்விட்டார். அந்தக் கையையும் எடுத்து அம்மா தனியே நிற்பது போலச் செய்யச் சொன்னார்.

600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினேன், 2400க்கு 3600 பிக்சல் வந்தது. பழைய பிரிண்ட் என்பதால் முழுக்கச் சிவந்து மங்கியிருந்தது, அதனால் முதலில் மேலே ஒரு கேர்வ்ஸ் லேயர் (அசலைத் தொடாமல் அதன் மேல் ஒரு படலம் போல வைத்து, கீழே தெரிகிற நிறத்தை மாற்றுவது) போட்டு நிறத்தைத் திருத்தினேன். அதற்கு மேலே ஒரு வெற்று லேயர் திறந்து ஸ்பொட் ஹீலிங் பிரஷ்ஷால் (தேய்த்த இடத்தைச் சுற்றுப்புறத்தைப் பார்த்து நிரப்புகிற பிரஷ்) கதிரையைத் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலே சாம்பிள் ஆல் லேயர்ஸ் என்று ஒரு பெட்டி இருப்பதைக் கண்டு அதைப் போட்டேன், வேலை செய்தது. கதிரை போனது, நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் மகள் வந்து பார்த்தார். "தம்பி, அம்மாட சாறி இந்தச் சிவப்பு இல்ல, கருஞ்சிவப்பு" என்றார். சரி என்று கேர்வ்ஸைத் திருப்பி மாற்றினேன். உடனே நான் தேய்த்த இடமெல்லாம் சுவரில் தீவு தீவாகத் தெரிந்தது, மற்ற இடம் மாறியது, தேய்த்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றது. அப்போ தேய்த்த லேயரைக் கேர்வ்ஸுக்குக் கீழே இறக்கினால் அதுவும் சேர்ந்து மாறும் என்று நினைத்து இறக்கினேன். இன்னும் மோசம், இப்போது கதிரை இருந்த இடம் வெளுத்துப்போய் நிற்கிறது. கீழேயே வைத்துக்கொண்டு புதிதாகத் தேய்த்தாலும் அதே வெளுப்புத்தான்.

கொன்டென்ட் அவேர் ஃபில் (தெரிந்த இடத்தைப் படத்தின் மற்றப் பிக்சலால் தானே நிரப்புவது) போட்டுப் பார்த்தேன், போதுமான பிக்சல் இல்லை என்று ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது. சாறியின் ஓரத்தில் ஸ்பொட் ஹீலிங் பட்டால் சுவரில் கருஞ்சிவப்பாக இழுபடுகிறது. ஏஐ முறையில் ஜெனரேட்டிவ் ஃபில்லைக் கையின் மேல் போட்டேன், கை போகவில்லை, வேறு ஒரு கை வந்தது, விரல் ஐந்து.

எந்த வழியில் போவது? இது பிழைத்தால் திரும்ப எடுக்க இன்னொரு படம் அவர்களிடம் இல்லை.


ஏறாவூர் கமரா
டிசம்பர் 9, இரவு 10.48

தம்பி லேயரை எல்லாம் ஏன் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறீர்கள். நிறத்தைத் திருத்தி முடித்ததும் ஃபிளட்டன் பண்ணி ஒரே லேயர் ஆக்குங்கள், அதன் மேலேயே நேராகத் தேய்த்தால் நிறம் மாறவே மாறாது. நான் அல்ப வேலை எல்லாம் அப்படித்தான் செய்கிறேன், ஒரு நாளைக்கு நாற்பது படம் போகும்.


சம்மாந்துறை ஒளி
டிசம்பர் 9, இரவு 11.35

ஏறாவூர்த் தம்பி சொன்னது நாற்பது படத்துக்குச் சரிவரும். இந்த ஒரு படத்துக்கு வேண்டாம். மகள் நாளைக்கு வந்து சாறி இன்னும் கொஞ்சம் கறுக்கவேண்டும் என்று சொன்னால் ஃபிளட்டன் பண்ணிய படத்தில் திருத்தின மேலே திருத்தவேண்டும், ஒவ்வொரு திருத்துக்கும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். அதுவும் மங்கிய பிரிண்டில் இருக்கிற நிறமே கொஞ்சம்.

கல்லாற்றுத் தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. மேலே இருந்தபோது சரி, கேர்வ்ஸை மாற்றியதும் தீவு, கீழே இறக்கியதும் வெளுப்பு. இந்த மூன்றும் ஒரே காரணத்தால்தான் வருகின்றன.

சாம்பிள் ஆல் லேயர்ஸைப் போட்டால் பிரஷ் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற படத்திலிருந்து பிக்சலை எடுக்கும், அதாவது கேர்வ்ஸ் திருத்தி முடித்த படத்திலிருந்து. சுவரில் ஒரு புள்ளியின் வெளிச்ச அளவு அசலில் 140 என்று வையுங்கள், கேர்வ்ஸ் அதை 165 ஆக்குகிறது. பிரஷ் 165ஐ எடுத்து உங்கள் வெற்று லேயரில் எழுதுகிறது. அந்த லேயர் கேர்வ்ஸுக்கு மேலே இருந்தால் 165 அப்படியே தெரியும், சுவரோடு பொருந்தும். ஆனால் கேர்வ்ஸை மாற்றினால் சுவர் மட்டும் மாறும், மேலே இருக்கிற ஒட்டு 165இலேயே நிற்கும், தீவு வந்தது அதனால்தான். அதே லேயரைக் கீழே இறக்கினால், ஏற்கெனவே 165 ஆன புள்ளி கேர்வ்ஸுக்குள் இன்னொரு தரம் போகிறது, 185 போல ஆகிவிடுகிறது. ஒரே துணியை இரண்டு தரம் நீலத்தில் முக்கியது போல.

ஆகவே ஒட்டு லேயர் இருக்கவேண்டிய இடம் கேர்வ்ஸுக்குக் கீழே, அசல் படத்துக்கு மேலே. பிக்சல் எடுக்கவேண்டியது அசல் படத்திலிருந்து, கேர்வ்ஸ் பார்க்காத பிக்சல். இவை இரண்டும் சேர்ந்து நடந்தால் மகள் எத்தனை தரம் நிறம் மாற்றச் சொன்னாலும் சுவரும் ஒட்டும் சேர்ந்தே மாறும்.

அதை எப்படிச் செய்வது என்றால், ஸ்பொட் ஹீலிங்கில் ஆல் லேயர்ஸ் என்ற ஒரு பெட்டி மட்டும்தான் உண்டு, இதை மட்டும் எடு என்று சொல்லமுடியாது. அதனால் ஸ்பொட் ஹீலிங் பிடிக்கும்போது கேர்வ்ஸ் லேயரின் பக்கத்தில் இருக்கிற கண் சின்னத்தை அழுத்தி மூடிவிடுங்கள், லேயர் மறையும். படம் சிவந்த பழைய நிறத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம், அந்த நிறத்திலேயே தேய்த்து முடித்துவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். ரிமூவ் டூலும் அப்படியே, 2023இல் வந்த அந்தப் புது டூலிலும் இதே பெட்டி இருக்கிறது, இதே பிழையும் விடலாம். க்ளோன் ஸ்டாம்ப், சாதாரண ஹீலிங் பிரஷ் இரண்டிலும் கரண்ட் அண்ட் பிலோ என்று ஒரு தெரிவு இருக்கிறது, தான் இருக்கிற லேயரும் அதற்குக் கீழே இருப்பவையும் மட்டும். அதைப் போட்டால் கண் மூடவே தேவையில்லை. பக்கத்தில் பாதி கறுத்த வட்டம் போல ஒரு சின்னம் இருக்கும், அதை அழுத்தினால் திருத்த லேயர்களைக் கணக்கில் எடுக்காது, ஆல் லேயர்ஸில் வேலை செய்பவர்களுக்கு அது உதவும்.

முதலில் தேய்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை என்றது, வெற்று லேயரில் எடுக்க எதுவும் இல்லாததால். கொன்டென்ட் அவேர் ஃபில்லில் போதுமான பிக்சல் இல்லை என்று வந்ததும் அதே கதைதான், நீங்கள் வெற்று லேயரில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறீர்கள். அசல் படத்தின் லேயரைத் தெரிந்து, கதிரையைச் சுற்றி லாஸ்ஸோ போட்டு, எடிட் மெனுவுக்குள் போங்கள். வருகிற பக்கத்தில் பச்சையாகத் தெரிவதுதான் அது பிக்சல் எடுக்கப்போகிற இடம், அம்மாவின் சாறியும் முகமும் பச்சைக்குள் இருந்தால் பிரஷ்ஷால் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுவரில் சாறித் துண்டு முளைக்கும். அவுட்புட் என்ற இடத்தில் நியூ லேயர் என்று கொடுங்கள். அசல் தொடப்படாது, ஒட்டு தனி லேயராகக் கேர்வ்ஸுக்குக் கீழேயே வந்து உட்காரும்.

ஒரே லேயரில் மூன்றையும் செய்யாதீர்கள். கதிரை ஒரு லேயர், வயர் ஒரு லேயர், கை ஒரு லேயர். பெயர் எழுதி வையுங்கள்.


கல்லாற்றுப்பிள்ளை
டிசம்பர் 10, காலை 7.15

சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்), இரவே எழும்பிச் செய்து பார்த்தேன். கண்ணை மூடிவிட்டுத் தேய்த்தேன், திறந்தேன், சுவர் ஒரே சுவராக இருக்கிறது. கேர்வ்ஸை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன், ஒட்டு சேர்ந்தே போகிறது. மூன்று நாள் தலையை உடைத்தது இதற்குத்தானா என்று இருக்கிறது, மிகவும் நன்றி.

வயரும் பாதி போய்விட்டது. ஆனால் சாறி ஓரத்தில் இழுபடுவது அப்படியே இருக்கிறது. கதிரையின் கால் போகிற இடத்தில் சுவரும் சீமெந்துத் தரையும் சந்திக்கிற கோடு முறிந்துபோய் வருகிறது, எத்தனை தரம் தேய்த்தாலும் கோடு ஒரு படி ஏறி இறங்குகிறது.


வந்தாறுமூலை விடுதி
டிசம்பர் 10, காலை 9.02

நான் போட்டோஷொப் பாவிப்பதில்லை, கிம்ப் என்ற இலவச மென்பொருள் மட்டும்தான், ஆனால் இதே சிக்கல் எனக்கும் வந்ததால் எழுதுகிறேன், காசு கொடுத்து மென்பொருள் எடுக்கமுடியாத யாராவது பின்னால் வாசிப்பார்கள்.

கிம்ப்பில் ஹீல் டூலுக்கும் க்ளோன் டூலுக்கும் சாம்பிள் மெர்ஜ்ட் என்று ஒரு பெட்டி இருக்கிறது, காக்கா சொன்ன ஆல் லேயர்ஸ்தான் அது. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் பண்ணினால் பிக்சல் எடுக்கிற இடம். நான் வெற்று லேயரில் ஹீல் பண்ணுவதில்லை, படத்தின் லேயரை அப்படியே இரட்டித்து அந்தப் பிரதியில் தேய்ப்பேன், அசல் கீழே இருக்கும். பொருளை முழுதாக எடுக்க ரீசின்தசைசர் என்ற பிளகின் போடவேண்டும், ஹீல் செலெக்‌ஷன் என்று மெனுவில் வரும், எவ்வளவு தூரத்திலிருந்து பிக்சல் எடுப்பது என்று ஒரு எண் கேட்கும், 50 என்று இருக்கும். சுவரில் வயர் மாதிரியான சின்னப் பொருளுக்கு அதைக் குறைத்தால்தான் எனக்கு நன்றாக வந்தது, கூட்டி வைத்தால் எங்கேயோ இருக்கிற கூரைத் துண்டைக் கொண்டுவந்து வைத்தது.

2.10 பதிப்பில் கேர்வ்ஸ் போட்டால் அது படத்துக்குள்ளேயே எழுதிவிடும், பிறகு தனியாக மாற்ற முடியாது. அதனால் அழிப்பு வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் நிறத்தைத் தொடவேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0இல் ஃபில்டர்களைத் திரும்ப மாற்றக்கூடியதாக வைத்துக்கொள்ளலாம். எது என்றாலும் முதலில் அழி, பிறகு நிறம் என்ற வரிசை பிழைக்காது.

கிம்ப்பில் புதிதாக வருபவர்களுக்கு இன்னொன்று. பிரஷ் ஒரு இடத்துக்கு அப்பால் வேலை செய்யவில்லை என்றால் அந்த லேயரைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக ஒரு புள்ளிக்கோடு தெரியும், லேயர் அந்தக் கோடு வரைக்கும்தான். லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்தால் சரியாகும். எனக்கு இது தெரியாமல் ஒரு முழுப் பின்னேரம் போனது.


சம்மாந்துறை ஒளி
டிசம்பர் 10, பகல் 1.10

இப்போது ஓரத்துக்கு வருகிறேன்.

ஹீலிங் என்பது 2002இல் போட்டோஷொப் 7இல் வந்தது, அன்றிலிருந்து அதன் குணம் ஒன்றுதான். எடுத்த இடத்தின் தன்மையைக் கொண்டுவந்து, வைக்கிற இடத்தின் சுற்றுப்புற நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். கன்னத்தில் ஒரு பரு என்றால் சுற்றிலும் தோல், கலந்தால் நல்லதுதான். சாறி ஓரத்தில் தேய்த்தால் சுற்றுப்புறத்தில் பாதி கருஞ்சிவப்பு, பாதி வெள்ளைச் சுவர், இரண்டையும் கலக்கிறது. உங்களுக்கு இழுபட்டுத் தெரிவது அதுதான். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு நிறம் சந்திக்கிற இடத்தில் ஹீலிங்கைக் கொண்டுபோகக் கூடாது.

அங்கே க்ளோன் ஸ்டாம்ப். அது கலக்காது, எடுத்ததை அப்படியே வைக்கும். பிரஷ்ஷைச் சின்னதாக்கி, ஓரத்தின் மென்மையைக் குறைத்து, எழுபது எண்பது வீதம் கடினமாக வைத்து, சாறி ஓரத்தை ஒட்டிச் சுவரில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குச் சுத்தமான சுவர் வரைந்துவிடுங்கள், படத்தை இருநூறு வீதம் பெரிதாக்கிக்கொண்டு. அப்புறம் அந்தப் பட்டைக்கு வெளியே மிச்சக் கதிரையை ஹீலிங்கால் எடுக்கலாம், இப்போது அதன் சுற்றுப்புறம் முழுக்கச் சுவர்தான். இன்னொரு வழியும் இருக்கிறது, சாறியின் ஓரக்கோட்டை ஒட்டி ஒரு செலெக்‌ஷன் (பிரஷ் வேலை செய்யவேண்டிய எல்லை) போட்டுவிட்டு அதற்குள்ளே ஹீலிங் பிரஷ் பிடித்தால் வெளியே இருக்கிற நிறம் உள்ளே ஒழுகாது. செலெக்‌ஷன் கதிரையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும், சாறிப் பக்கம் மட்டும் ஓரத்தை அப்படியே பின்பற்றவேண்டும். வேலை முடிந்ததும் செலெக்‌ஷனை நீக்கக் கன்ட்ரோல்-டி (D) போட மறக்காதீர்கள். செலெக்‌ஷனை மறைத்துவிட்டு மறந்துபோய், பிரஷ் வேலை செய்யவில்லை என்று கொம்பியூட்டரையே திரும்ப ஓன் பண்ணிய பொடியன்கள் என் கடையில் இருந்திருக்கிறார்கள்.

தரைக்கோட்டுக்கு ஸ்பொட் ஹீலிங்கை விடுங்கள், அது கோட்டைப் பார்ப்பதில்லை. க்ளோன் ஸ்டாம்ப்பை எடுத்து, கோடு நன்றாகத் தெரிகிற ஒரு இடத்தில், சரியாகக் கோட்டின் மேலேயே ஆல்ட் கிளிக். பிறகு கதிரைக் காலுக்குப் பக்கத்தில், கோடு முறிவதற்குச் சற்று முன்னால், அதே கோட்டின் மேல் பிரஷ்ஷை வைத்து அங்கிருந்து தொடங்குங்கள். பிரஷ் வட்டத்துக்குள்ளேயே எடுத்த இடம் முன்கூட்டியே தெரியும், இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் வரை அசைத்துவிட்டு அழுத்துங்கள். அலைன்ட் பெட்டி போட்டிருக்கவேண்டும். இதில் அவசரம் கூடாது, வீட்டின் தரைக்கோடு சரிந்திருந்தால் பார்ப்பவர்களுக்கு எது பிழை என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் அங்கேயே போய் நிற்கும்.

வயருக்கு, ஒரு நுனியில் கிளிக், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி இன்னொரு கிளிக், இடையில் நேராகப் போகும். வயர் தொய்கிறதால் சின்னச் சின்னத் துண்டாகப் போங்கள். தலைமுடியை ஒட்டி வருகிற துண்டைக் கடைசிக்கு விடுங்கள், அங்கேயும் க்ளோன்தான், முடி ஓரத்தில் ஹீலிங் பட்டால் புகை போல ஆகும்.

மழைக்காலம், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. ப்ரெஃபரன்சஸுக்குள் போய் தானாகச் சேமிக்கிறதைப் பத்து நிமிடத்திலிருந்து ஐந்துக்குக் குறைத்துவிடுங்கள், ஒவ்வொரு துண்டு முடிந்ததும் நீங்களும் பிஎஸ்டி ஆகவே சேமியுங்கள். ஜேபெக் ஆகச் சேமித்தால் லேயர் எல்லாம் போய்விடும்.


மருதமுனை நூல்
டிசம்பர் 10, இரவு 8.25

தம்பி, நான் போட்டோ வேலை செய்பவள் இல்லை. எங்கள் வீட்டில் தறி, துணியின் டிசைன்களைக் கொம்பியூட்டரில் வரைவது என் வேலை. தோளில் இருக்கிற கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அது சாறி மேல் இருப்பதால் எழுதுகிறேன்.

நெய்த துணியில் ஹீலிங் பிரஷ்ஷைப் பிடிக்கவே கூடாது. துணிக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது. தோளில் மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கோடுகளும் சாய்ந்து போகும், கரை அந்த மடிப்பில் உள்ளே போய் அடுத்த மடிப்பில் வெளியே வரும். ஹீலிங் அதை எல்லாம் ஒன்றாக மெழுகிவிடும், தூரத்தில் பார்த்தால் சாறி நனைந்தது போலத் தெரியும்.

அந்த அம்மாவின் தோளிலோ நெஞ்சிலோ கை இல்லாத இடத்தில், அதே மடிப்பு ஓட்டம் உள்ள ஒரு துண்டைத் தேடுங்கள். லாஸ்ஸோவால் எடுத்துக் கன்ட்ரோல்-ஜே, புதிய லேயரில் அந்தத் துண்டு வரும். நீங்கள் கேர்வ்ஸுக்குக் கீழே இருக்கிற அசல் லேயரில் நின்று எடுத்தால் அந்தக் காக்கா சொன்ன நிறப் பிரச்சினையும் வராது. பிறகு கன்ட்ரோல்-டி (T), சுழற்றி விரலின் மேல் வைத்து, வார்ப் (வளைத்து இழுப்பது) கொடுத்து மடிப்புக்கோடு மடிப்புக்கோட்டோடு சேரும் வரை இழுங்கள். ஓரத்தை அழிரப்பரால் அழிக்காமல் லேயர் மாஸ்க் போட்டுக் கறுப்பு பிரஷ்ஷால் மறையுங்கள், கூடிவிட்டால் வெள்ளையால் திரும்பக் கொண்டுவரலாம். வெளிச்சத்தையும் பாருங்கள். இடத்தோளில் இருந்து எடுத்து வலத்தோளில் வைத்தால் நிழல் மறுபக்கம் விழும்.

ஒரே துண்டில் முடியாது. எனக்கு இப்படியான ஒன்றுக்கு ஏழெட்டுத் துண்டு வேண்டி வந்தது. எல்லாவற்றையும் ஒரு குரூப்புக்குள் போட்டு வையுங்கள்.

ஏஐயில் போட்டால் வேறு கை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். தோளில் ஒரு மேடு இருக்கிறது, வளையலின் நிழல் இருக்கிறது, அவற்றை எல்லாம் நீங்கள் செலெக்‌ஷனுக்குள் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். மிஞ்சிய நிழலைப் பார்த்து அது இங்கே ஒரு கை இருந்திருக்கும் என்று முடிவெடுக்கிறது. செலெக்‌ஷனை நிழல் வரைக்கும் பெரிதாக்கினால் குறையும். ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், அந்த அம்மா உடுத்த சாறியை அது பார்க்கவில்லை, அதற்குத் தெரிந்த ஏதோ ஒரு சாறியை வரைந்துதான் தரும். மகளுக்கு நிறம் கொஞ்சம் மாறினதே தெரிந்திருக்கிறது, கரை மாறினால் தெரியாமல் இருக்குமா? இருக்கிற துணியிலிருந்தே எடுங்கள்.


ஏறாவூர் கமரா
டிசம்பர் 10, இரவு 9.40

நான் நேற்று ஃபிளட்டன் என்று சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன், இன்றைக்கு ஒரு கல்யாணப் படத்தில் லேயரோடு செய்து பார்த்தேன், பின்னால் நிறம் மாற்றும்போது உண்மையிலேயே நேரம் மிச்சம். ஒரு சந்தேகம், எனக்கு அசல் படத்தின் மேல் பிரஷ்ஷைக் கொண்டுபோனால் தடை போட்ட வட்டம் மாதிரி ஒன்று வருகிறது, தேய்க்கவே விடவில்லை. ஏன்?


சம்மாந்துறை ஒளி
டிசம்பர் 10, இரவு 10.05

ஃபைலை மவுஸால் இழுத்துக் கொண்டுவந்து போட்டிருப்பீர்கள். அப்படி வந்தால் அது ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் ஆகும், லேயரின் மூலையில் ஒரு சின்னக் கடதாசி போலக் குறி இருக்கும். அதன் மேல் நேராகத் தேய்க்க முடியாது. மேலே வெற்று லேயர் வைத்துத் தேய்க்கலாம், அல்லது வலக்கிளிக் பண்ணி ராஸ்டரைஸ் கொடுங்கள், சாதாரண லேயராக மாறும். லேயருக்குப் பக்கத்தில் மாஸ்க் இருந்தால், மாஸ்க்கைத் தெரிந்து வைத்திருக்கிறீர்களா படத்தைத் தெரிந்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், எதைச் சுற்றிச் சட்டம் தெரிகிறதோ அதில்தான் பிரஷ் வேலை செய்யும்.

தங்கச்சி சொன்ன துணி விசயம் மிகச் சரி. நான் இருபது வருடமாகத் தோளில் க்ளோன் ஸ்டாம்ப்தான் பிடித்தேன், துண்டு எடுத்து வார்ப் பண்ணுவது இதைவிட நல்லது.

கல்லாற்றுத் தம்பி, பிரிண்ட் பட்டுக் கடதாசியா? தொட்டால் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டம் தட்டுப்படும். அப்படி என்றால் ஸ்கேனில் அது முழுக்கப் புள்ளியாக வந்திருக்கும், பன்னிரண்டுக்குப் பதினெட்டில் இன்னும் தெரியும். பிரிண்டை 180 பாகை திருப்பி வைத்து இரண்டாம் தரம் ஸ்கேன் பண்ணி, அதை நிமிர்த்தி முதல் ஸ்கேனின் மேல் சரியாகப் பொருத்தி, மேலே இருப்பதன் ஒபாசிட்டியை ஐம்பது வீதமாக்கினால் (பாதி ஊடே தெரியும்படி) கட்டத்தின் மினுக்கம் நன்றாகக் குறையும். ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருவதால் திருப்பி வைத்தால் மினுக்கமும் மறுபக்கம் விழுகிறது, இரண்டும் ஒன்றை ஒன்று அணைக்கும். இதை அழிப்பு வேலைக்கு முதல் செய்யவேண்டும், ஆகவே பட்டுக் கடதாசி என்றால் சொல்லுங்கள், திரும்பத் தொடங்கவேண்டி வரும் என்று கோபிக்க வேண்டாம்.


கல்லாற்றுப்பிள்ளை
டிசம்பர் 11, காலை 8.30

இல்லை காக்கா, வழவழப்பான கடதாசிதான், தப்பினேன். தோள் வேலையை இன்றைக்குத் தொடங்குகிறேன், அக்கா சொன்ன மாதிரித் துண்டு துண்டாக.


கல்லாற்றுப்பிள்ளை
டிசம்பர் 17, இரவு 9.15

முடிந்தது, அதனால் எழுதுகிறேன்.

கதிரை இருந்த இடத்தை இப்போது நானே தேடினால்தான் தெரியும். தரைக்கோட்டுக்கு மட்டும் ஒரு பின்னேரம் போனது, காக்கா சொன்னபடி வட்டத்துக்குள் கோட்டைப் பார்த்துப் பார்த்து வைத்தேன், நேராக நிற்கிறது. சாறி ஓரத்தில் க்ளோன் பட்டை போட்ட பிறகு ஹீலிங் இழுபடவே இல்லை. வயர் முழுதாகப் போனது, தலைமுடிக்குப் பக்கத்தில் இரண்டு முடி இழையை நான் பிரஷ்ஷால் வரையவேண்டி வந்தது. தோளுக்குப் பதினொரு துண்டு. கரை ஒரு இடத்தில் சேரவில்லை, அதை மடிப்புக்குள் மறைத்தேன். அக்கா, சாறி நனைந்தது போல இல்லை.

ஆறுக்கு ஒன்பதில் ஒரு மாதிரிப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். மகனும் மகளும் சேர்ந்து வந்தார்கள். நிறத்துக்கு மகள் சரி என்றார். படத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "தம்பி, இதில பக்கத்து வீட்டு மாமிட கை ஒண்டு இருந்ததே" என்றார். மகன்தான் எடுக்கச் சொன்னவர், அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மாமியும் அதே காலையில் போனவர் என்றும், அவருடைய படம் ஒன்றும் எங்கேயும் இல்லை என்றும் மகள் சொன்னார்.

கொம்பியூட்டரைத் திறந்து, தோள் என்று பெயர் போட்ட குரூப்பின் கண்ணை மூடினேன். கை வந்தது. நாலு விரலும் வளையலும். கதிரையும் வயரும் இல்லை, நிறம் அவர் கேட்ட நிறம்தான், கை மட்டும் இருந்தது. இருவரும் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்கள். இப்படியே போடுங்கள் என்று மகன் சொன்னார்.

பெரிய பிரிண்டை இன்று எடுத்தேன், சட்டம் நாளைக்கு வரும். வெட்டுப்பட்ட பக்கத்தில் வளையலுக்கு அப்பால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், சட்டத்தின் ஓரம் கையை மூடாமல் இருக்க.